திரும்பி வராத பணம்: கிரிப்டோவில் புதிதாக இறங்குபவர் எங்கே இடறுகிறார்?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், எல்க்ஹார்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த வட்டார விவசாயிகள் கடன் வாங்கி வந்தது ஹார்ட்லேண்ட் ட்ரை-ஸ்டேட் வங்கியில். 2023ஆம் ஆண்டின் நடுவில், சில வாரங்களுக்குள், அதன் தலைமை நிர்வாகி ஷான் ஹேன்ஸ் வங்கிப் பணத்தில் 4.71 கோடி டாலரைக் கிரிப்டோ கணக்குகளுக்கு அனுப்பினார். உள்ளூர்த் தேவாலயத்தின் பணம், ஒரு முதலீட்டுக் குழுவின் பணம், மகளின் படிப்புக்குச் சேர்த்த பணம் ஆகியவை அதற்கு முன்பே போயிருந்தன. வாட்ஸ்அப்பில் பழகிய யாரோ காட்டிய தளத்தில் லாபம் ஏறிக்கொண்டே இருந்தது. அதை வெளியே எடுக்க இன்னும் கொஞ்சம் கட்டவேண்டும் என்ற பேச்சும் வந்துகொண்டே இருந்தது. ஜூலை 28 அன்று வங்கி மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹேன்ஸுக்கு 24 ஆண்டுகள் 5 மாதங்கள் சிறைத்தண்டனை கிடைத்தது. மீட்க முடிந்தது ஏறத்தாழ 80 லட்சம் டாலர் மட்டுமே.

இப்படி ஒரு செய்தி வந்தால் ‘பேராசை’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். கடன் கேட்டு வருபவரின் கணக்கையும் முகத்தையும் பார்த்தே காலம் கழித்த ஒரு வங்கியாளர் முகம் தெரியாதவரிடம் ஏமாந்தார் என்றால், காரணத்தை அவருடைய குணத்தில் மட்டும் தேடுவது ஆய்வுச் சோம்பல். 2024இல் கிரிப்டோ தொடர்பாக எஃப்பிஐக்கு வந்த புகார்களின்படி இழப்பு 930 கோடி டாலர். அதில் சுமார் 280 கோடி, 60 வயதைக் கடந்தவர்கள் இழந்தது. ஆயுள் முழுக்கச் சிக்கனமாக இருந்தவர்களும் இந்தக் கூட்டத்தில் நிறையவே இருப்பார்கள். பணத்தைப் பற்றி நமக்குள் ஊறிப்போன ஒரு நம்பிக்கை கிரிப்டோவில் செல்லுபடியாவதில்லை. அதைச் சொல்லித்தராமல் ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று மட்டும் சொல்வதால் பயனில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த நம்பிக்கை இதுதான்: தவறு நடந்த பிறகும் முறையிட ஓர் ஆள் இருப்பார். வங்கி மேலாளர், கார்டு நிறுவனம், ஒம்புட்ஸ்மேன், காவல் நிலையம், நீதிமன்றம் என்று ஒரு வரிசையே நமக்குப் பின்னால் நிற்கிறது. தாமதமாகும், அலையவிடுவார்கள், ஆனாலும் ஆள் உண்டு. இதற்கு நல்ல சான்று ஒரு கிரிப்டோ நிறுவனமே தந்திருக்கிறது. 2021 மே மாதம் கிரிப்டோ.காம் நிறுவனம் ஆஸ்திரேலிய வாடிக்கையாளர் ஒருவருக்கு 100 டாலரைத் திருப்பித்தர வேண்டியிருந்தது. தொகை எழுத வேண்டிய கட்டத்தில் ஊழியர் கணக்கு எண்ணை உள்ளிட்டுவிட, 1.05 கோடி ஆஸ்திரேலிய டாலர் போய்விட்டது. ஏழு மாதம் கழித்துத் தணிக்கையில்தான் கண்டுபிடித்தார்கள். விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம் பணத்தைத் திருப்பித்தர உத்தரவிட்டது. அந்தப் பணத்தில் வாங்கிய வீட்டை விற்கச் சொன்னது. கவனிக்க வேண்டியது, தவறு நடந்தது வங்கிக் கணக்கு வழியே போன சாதாரணப் பணத்தில். அதனால் நீதிமன்றத்தின் கை அதுவரை எட்டியது.

கிரிப்டோ கைமாறும் பதிவேடான பிளாக்செயினில் அப்படி ஒரு கை கிடையாது. ஒரு பரிவர்த்தனை வந்தால் அந்த வலைப்பின்னல் சோதிப்பது மிகச் சில விஷயங்களையே: கையெழுத்து உரிய சாவியால் போடப்பட்டதா, இருப்பு இருக்கிறதா, விதிப்படி எழுதப்பட்டதா. ஏமாந்து போட்ட கையெழுத்து, தூக்கக் கலக்கத்தில் போட்ட கையெழுத்து, மனமறிந்து போட்ட கையெழுத்து மூன்றும் அதற்கு ஒன்று. மோசடி, பிழை என்று நாம் தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிற இரண்டும் அங்கே ‘செல்லுபடியான பரிவர்த்தனை’ என்ற ஒரே பெயரில் பதிவாகின்றன. ஆகவே பாதுகாப்பு என்று ஒன்று இருந்தால் அது பொத்தானை அழுத்துவதற்கு முன்பு முடிந்துவிட வேண்டும்.

பிழைகள்

2023 செப்டம்பரில் பாக்சோஸ் என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் சுமார் 2,000 டாலர் மதிப்புள்ள பிட்காயினை அனுப்பியது. அதற்குக் கட்டணமாகப் போனது ஏறத்தாழ 20 பிட்காயின், அன்றைய விலையில் 5 லட்சம் டாலர். மென்பொருளில் ஒரு கோளாறு, அவ்வளவுதான். பரிவர்த்தனையைப் பதிவேற்றி அந்தக் கட்டணத்தைப் பெற்ற எஃப்2பூல் என்ற சுரங்கக் குழு பணத்தைத் திருப்பித் தந்தது. தந்திருக்க வேண்டும் என்று பிட்காயினில் எந்த விதியும் இல்லை. அவர்கள் பெயர் தெரிந்தவர்கள், மனம் வைத்தார்கள். உங்கள் பணம் போய்ச் சேரும் முகவரிக்குப் பின்னால் பெயரும் தெரியாது, மனமும் தெரியாது.

புதியவர்களுக்கு முதல் ஆபத்து அந்த முகவரியிலேயே இருக்கிறது. எத்தீரியம் முகவரி 42 எழுத்துகள் கொண்ட ஒரு சரம். மனிதக் கண் அதில் முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்துவிட்டு ‘சரி’ என்று விட்டுவிடும். திருடர்கள் இதைத் தெரிந்துகொண்டு, நீங்கள் அடிக்கடி பணம் அனுப்பும் முகவரியின் தலையும் வாலும் பொருந்துகிற இன்னொரு முகவரியைக் கணினியால் உருவாக்குகிறார்கள். அதிலிருந்து உங்கள் வாலட்டுக்கு ஒன்றுமே இல்லாத ஒரு பரிவர்த்தனையை அனுப்புகிறார்கள். அது உங்கள் வரலாற்றுப் பட்டியலில் மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த முறை பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுத்தால் கதை முடிந்தது. 2024 மே மாதம் ஒருவர் இப்படி, எத்தீரியத்தில் ஓடும் பிட்காயின் வடிவமான ரேப்டு பிட்காயினில் 1,155ஐ, அதாவது சுமார் 6.8 கோடி டாலரை, தவறான முகவரிக்கு அனுப்பினார். அவர் அஜாக்கிரதையானவர் அல்லர். முதலில் சிறிய தொகையைச் சோதனையாக அனுப்பிப் பார்த்தவர். அந்தச் சோதனைக்கும் பெரிய தொகைக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் போலி முகவரி பட்டியலுக்குள் நுழைந்தது. உலகம் முழுக்க வேடிக்கை பார்த்ததால் திருடன் பேரம் பேசிப் பெரும்பகுதியைத் திருப்பினான். ஐயாயிரம் ரூபாய் இழந்தவருக்காக யாரும் வேடிக்கை பார்க்க வரமாட்டார்கள்.

‘முதலில் சிறு தொகை அனுப்பிப் பாருங்கள்’ என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. நல்லதுதான், ஆனால் பாதிதான். இரண்டாவது முறையும் முகவரியைப் பெறுபவரிடமிருந்தோ, நீங்களே சேமித்துவைத்த முகவரிப் புத்தகத்திலிருந்தோ எடுக்க வேண்டும். வரலாற்றுப் பட்டியலைத் தொடவே கூடாது. நடு எழுத்துகளையும் ஒப்பிட வேண்டும்.

வேறு சில பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாலர் மதிப்பைப் பின்பற்றும் யுஎஸ்டிடி என்ற காயின் ஒரே பெயரில் பல பிளாக்செயின்களில் ஓடுகிறது. டிரான் வலைப்பின்னலில் அனுப்பியதை எத்தீரியத்தில் எதிர்பார்த்தால் வராது. எக்ஸ்ஆர்பி போன்ற காயின்களை, அவற்றை வாங்கி விற்க உதவும் நிறுவனமான எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு ஒரு ‘டேக்’ எண்ணும் கேட்பார்கள்; அதை விட்டால் பணம் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேரும், உங்கள் கணக்கில் ஏறாது. எக்ஸ்சேஞ்ச் மனம் வைத்தால் மீட்டுத்தரும்.

சாவி யாரிடம்?

வாலட் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டி எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சீட் ஃப்ரேஸ் எனப்படும் இந்தச் சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை. இவற்றைக் கடவுச்சொல் என்று நினைப்பதுதான் புதியவரின் அடிப்படைக் குழப்பம். கடவுச்சொல் மறந்தால் மாற்றித்தர ஒரு நிறுவனம் இருக்கும். இந்தச் சொற்களோ பணமேதான். யார் கையில் இருக்கின்றனவோ அவர்தான் உரிமையாளர். ‘வாலட்டைச் சரிபார்க்க வேண்டும், சொற்களை உள்ளிடுங்கள்’ என்று எந்த நேர்மையான நிறுவனமும் எந்தக் காலத்திலும் கேட்காது. கேட்பவர் எவராக இருந்தாலும், எந்தச் சின்னத்தோடு வந்தாலும், திருடர்.

லெட்ஜர் என்ற பிரெஞ்சு நிறுவனம் சாவியை வைத்துக்கொள்ளும் சிறு கருவியை விற்கிறது. 2020இல் அதன் வாடிக்கையாளர் பட்டியல் திருடப்பட்டு, சுமார் 2.72 லட்சம் பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் வெளியாயின. கருவி உடைக்கப்படவில்லை, பட்டியல் போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டே சிலர் வீட்டுக்கு உறை பிரிக்காத ‘புதிய’ லெட்ஜர் கருவி தபாலில் வந்தது, பழையது பாதுகாப்பற்றது, இதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்ற கடிதத்தோடு. உள்ளே திருடனின் மென்பொருள். இத்தனை சிரமப்படுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே அந்த 24 சொற்களின் மதிப்பு புரியும்.

சொற்களைப் படம்பிடித்து செல்பேசியில் வைத்திருப்பவர்கள் ஏராளம். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டறிந்த ஸ்பார்க்கேட் என்ற தீநிரல், செல்பேசியின் படத்தொகுப்பைத் திறந்து, படங்களில் உள்ள எழுத்துகளைப் படித்து, சீட் ஃப்ரேஸ் இருந்தால் அனுப்பிவிடும். அது ஒளிந்திருந்த செயலிகள் கூகுள் பிளேயிலும் ஆப்பிளின் கடையிலும் கிடைத்தன. அதிகாரபூர்வக் கடையிலிருந்து இறக்கினால் பத்திரம் என்ற நினைப்பும் இதோடு போயிற்று. தாளில் எழுதி, நெருப்பும் நீரும் எட்டாத இரண்டு இடங்களில் வைப்பது பழைய முறை. இன்றுவரை அதைவிட நல்ல முறை வந்துவிடவில்லை.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. ஸ்டீஃபன் தாமஸ் என்ற நிரலாளரின் 7,002 பிட்காயின்கள் ஒரு பூட்டிய வன்கருவிக்குள் கிடக்கின்றன. பத்து முறை மட்டுமே கடவுச்சொல்லை முயலலாம் என்ற நிலையில் எட்டு முறையைத் தீர்த்துவிட்டதாக 2021இல் அவர் சொன்னார். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவல்ஸ் 2013இல் குப்பைக்குப் போன, பிட்காயின் சாவி இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் குப்பைமேட்டில் தோண்டித் தேடப் பல ஆண்டுகள் போராடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நம் வீடுகளில் நடக்கக்கூடியது இதைவிட எளிய இழப்பு: வாங்கியவர் திடீரென்று இறந்துபோவார், சொற்கள் எங்கே என்று மனைவிக்கும் மக்களுக்கும் தெரியாது. சொந்த வாலட்டுக்கு நாமினி படிவம் என்று ஒன்று இல்லை.

அப்படியானால் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலான புதியவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அங்கே முறையிட ஓர் ஆள் கிடைக்கிறார். அதற்கு விலையாகக் காயின் உங்கள் கையில் இல்லை, அவர் தருவதாகச் சொல்கிற வாக்குறுதிதான் இருக்கிறது. கனடாவின் குவாட்ரிகாசிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சின் தலைவர் ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்தார். சாவிகள் அவரோடு போய்விட்டன என்றுதான் முதலில் சொன்னார்கள். ஒன்டாரியோ பங்குப்பத்திர ஆணையம் 2020இல் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொன்னது: அவர் பொய்க் கணக்குகள் உருவாக்கி, இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டி, வாடிக்கையாளர்களின் பணத்தில் வணிகம் செய்து தொலைத்திருந்தார். பெட்டகம் காலியாக இருந்ததால் சாவி கிடைத்திருந்தாலும் பயனில்லை. டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் 2014இல் விழுந்தபோதும், எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பரில் சரிந்தபோதும் திரையில் இருப்புத் தொகை கடைசி நாள் வரை சரியாகவே தெரிந்தது.

இந்தியர்களுக்கு இந்தப் பாடம் 2024 ஜூலை 18 அன்று வந்தது. அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23.5 கோடி டாலர், ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டன. அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் வெளியிட்ட கூட்டறிக்கை இதை வடகொரியக் குழுக்களின் வேலை என்றது. பலர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் திறக்கும் வாலட் அது. கையெழுத்திட்டவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனதும் இதே மாதிரிதான். தொழிலே இதுவாகக் கொண்டவர்கள் தங்கள் கண்ணை நம்பி ஏமாந்த விஷயத்தில், ஓர் இணையதளம் கேட்டதும் ‘அப்ரூவ்’ பொத்தானை அழுத்தும் புதியவர் எதை நம்பி அழுத்துகிறார்? அந்தப் பொத்தான் பல நேரங்களில் உங்கள் வாலட்டிலுள்ள ஒரு காயின் முழுவதையும், இனி எப்போது வேண்டுமானாலும், எடுத்துக்கொள்ளத் தரும் அனுமதி. இலவசக் காயின் தருகிறோம் என்று அழைக்கும் பல தளங்கள் குறிவைப்பது இந்த அனுமதியைத்தான்.

வசீர்எக்ஸ் திருட்டின் தொடர்ச்சியில் சென்னை உயர் நீதிமன்றம் வருகிறது. ஒரு முதலீட்டாளர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி வாங்கியிருந்தார். திருட்டுக்குப் பிறகு எல்லாக் கணக்குகளையும் முடக்கிய நிறுவனம், சிங்கப்பூர் நீதிமன்றம் வழியே ஒரு திட்டம் வகுத்து, இழப்பை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது. திருடப்பட்டவை எத்தீரியம் வகைக் காயின்கள், என்னுடையது எக்ஸ்ஆர்பி, அதை யாரும் திருடவில்லையே என்றார் முதலீட்டாளர். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர் பக்கம் நின்றார். கிரிப்டோ என்பது நாணயம் அல்ல, தொட்டுப் பார்க்கும் பொருளும் அல்ல. ஆயினும் ஒருவர் உடைமையாகக் கொண்டு அனுபவிக்கத்தக்க, மற்றொருவர் நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கத்தக்க சொத்து என்று தீர்ப்பளித்தார். பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போனதால் இங்கே வழக்கு செல்லும் என்றார். நடுவர் விசாரணை முடியும்வரை சுமார் 9.56 லட்சம் ரூபாய்க்கு உத்தரவாதம் தர நிறுவனத்துக்கு உத்தரவு.

இது முக்கியமான தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் இதை ‘எக்ஸ்சேஞ்சில் வைத்தால் சட்டம் காப்பாற்றும்’ என்று படிக்கக் கூடாது. இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு உயர் நீதிமன்றம் வரை போகும் வசதியும் பொறுமையும் எத்தனை பேருக்கு உண்டு? வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு கிரிப்டோவுக்கு இல்லை. இந்தியாவில் செயல்படும் எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச் முதல் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்தாக வேண்டும்; பதிவு இல்லாத இடத்தில் கணக்கு தொடங்குவது மடமை. அதே நேரம், அந்தப் பதிவு கறுப்புப் பணத்தைக் கண்காணிக்க வந்தது. உங்கள் காயினுக்கு அது ஜாமீன் நிற்காது. என் கருத்தில், ஒரு மாதச் சம்பளத்துக்குக் குறைவான தொகையோடு பழகுபவர் பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சிலேயே வைத்திருக்கலாம். சொற்களைத் தொலைக்கும் வாய்ப்பு அவருக்கு அதிகம். தொகை ஏறினால் சாவியைக் கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்க மனமில்லையென்றால் தொகையை ஏற்றக் கூடாது.

ஈமுவும் காயினும்

மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று சொல்லும் மோசடிக்குத் தமிழ்நாட்டில் அறிமுகம் தேவையில்லை. தேக்கு மரம் வந்தது, 2012இல் பெருந்துறை ஈமுப் பண்ணைகள் சரிந்தன, பின்பு ஆருத்ரா நிறுவனம் வந்தது. கிரிப்டோ அதே வண்டிக்குப் புதிய மாடு. அமித் பரத்வாஜ் நடத்திய கெயின்பிட்காயின் 2015 வாக்கில் 18 மாதங்களுக்கு மாதம் 10 சதவீதம் தருவதாகப் பிட்காயினாகவே வசூலித்தது. தர முடியாமல்போனபோது எம்கேப் என்ற சொந்தக் காயினைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அதற்கு வெளியே மதிப்பில்லை. சூரத்தைச் சேர்ந்த சதீஷ் கும்பானி நிறுவிய பிட்கனெக்ட், தானாக வணிகம் செய்யும் மென்பொருள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி உலகெங்கும் வசூலித்து 2018 ஜனவரியில் கடையைச் சாத்தியது. அமெரிக்க நீதித்துறை கணக்கிட்ட மோசடித் தொகை 240 கோடி டாலர். பல்கேரியாவின் ருஜா இக்னாடோவா நடத்திய ஒன்காயின் இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. 400 கோடி டாலர் அளவுக்கு விற்ற அந்தக் காயினுக்குப் பிளாக்செயினே கிடையாது. ஈமுவில் குறைந்தபட்சம் கோழியாவது இருந்தது. இக்னாடோவா 2017 அக்டோபரில் சோபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறினார். அதன் பிறகு ஆளைக் காணோம். எஃப்பிஐயின் மிகவும் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் 2022இல் அவர் பெயர் சேர்ந்தது.

இவற்றில் ஆட்களைச் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டு. அதனால் செய்தி உங்களிடம் கொண்டுவருபவர் பெரும்பாலும் மோசடிக்காரர் அல்லர். மாமன் மகன், பழைய வகுப்புத் தோழன், அலுவலகத்தில் மூத்தவர். அவருக்குத் தொடக்க மாதங்களில் பணம் உண்மையாகவே வந்திருக்கும். ‘அவருக்கு வந்ததே’ என்பதை நிரூபணமாக எடுத்துக்கொள்வதில்தான் நம் சமூகம் திரும்பத் திரும்ப வழுக்குகிறது. கேட்க வேண்டிய கேள்வி, அந்த லாபம் எந்த வேலையிலிருந்து பிறக்கிறது என்பது. பதில் மென்பொருள், செயற்கை நுண்ணறிவு, ரகசிய உத்தி என்று புகையாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

புதுக் காயின்களின் வழி வேறு. 2021இல் ஸ்க்விட் கேம் தொடரின் பெயரில் ஒரு காயின் வந்தது. தொடரைத் தயாரித்தவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில நாட்களில் விலை 2,800 டாலரைத் தாண்டியது. காரணம் எளிது: அதை வாங்க முடியும், விற்க முடியாது. விற்பவர் இல்லாத சந்தையில் விலை ஏறத்தானே செய்யும்? நவம்பர் 1 அன்று உருவாக்கியவர்கள் 33 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு மறைந்தார்கள்.

இன்று மிக அதிகமாகக் குடும்பங்களை அழிப்பது, எல்க்ஹார்ட் வங்கியாளரை வீழ்த்திய அந்த நட்பு மோசடி. தவறான எண்ணுக்கு வந்ததுபோல் ஒரு ‘வணக்கம்’, மன்னிப்பு, மெல்லப் பேச்சு, சில வாரம் பணத்தைப் பற்றி மூச்சே விடமாட்டார்கள். பிறகு ஒரு தளம் அறிமுகமாகும். முதலில் போட்ட சிறு தொகையை லாபத்தோடு எடுக்கவும் விடுவார்கள், அதுதான் தூண்டில். பெரிய தொகை போனதும், எடுக்க வேண்டுமானால் வரி கட்டு, காப்புத்தொகை கட்டு என்பார்கள். அந்தத் தளத்தின் எண்கள் வெறும் ஓவியம். பணம் முதல் நாளே போய்விட்டது.

மறுமுனையில் பேசுபவரும் பல நேரம் கைதிதான். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியவாடியில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022 அக்டோபரில் சென்னைக்கு மீட்டுவரப்பட்டார்கள். கம்போடியாவின் பிரின்ஸ் குழுமத் தலைவர் சென் ஷீ மீது 2025 அக்டோபரில் அமெரிக்கா வழக்குத் தொடுத்தபோது கைப்பற்றக் கோரிய பிட்காயின்கள் 1,27,271. மதிப்பு சுமார் 1,500 கோடி டாலர். நாம் எதிர்கொள்வது ஒரு தனி ஏமாற்றுக்காரரை அல்ல, ஷிப்டு முறையில் நடக்கும் ஆலையை.

நம் ஊர் வரியும் வங்கியும்

யாரும் ஏமாற்றாமலே பணம் போகும் வழிகளும் இந்தியாவில் உண்டு. 2022 நிதிச் சட்டத்தின்படி கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, மேலே 4 சதவீதக் கூடுதல் தீர்வை. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு காயினில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 1 லட்சம் நஷ்டம் என்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வரி மட்டும் 31,200 ரூபாய். அதே ஆண்டு ஜூலை முதல், விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. லாபத்தில் அல்ல, விற்கும் தொகையில். நாளுக்குப் பத்து முறை வாங்கி விற்கும் ஆசையோடு வருபவர் இதைக் கணக்குப் போட்டாலே ஆசை பாதி அடங்கும். ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் அது விற்பனையே.

இன்னொன்று, ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் பி2பி. யுஎஸ்டிடியை விற்கிறீர்கள், வாங்கியவர் உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புகிறார். அது வேறு எங்கோ ஒரு முதியவரிடம் திருடிய பணமாக இருந்தால், அந்தப் புகாரின் தடத்தைப் பின்பற்றி வரும் வெளிமாநிலக் காவல்துறை உங்கள் கணக்கை முடக்கச் சொல்லும். சம்பளம் வரும் கணக்காக இருந்தால் வாடகை முதல் பள்ளிக் கட்டணம் வரை எல்லாம் நிற்கும். நீங்கள் குற்றவாளி அல்ல என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்று வருபவரிடம் விற்காதீர்கள்; அந்தக் கூடுதல் தொகை பெரும்பாலும் திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் கூலி.

பணம் போய்விட்டது என்று தெரிந்த கணத்திலிருந்து இரண்டாவது வேட்டை தொடங்கும். ‘உங்கள் காயினை மீட்டுத்தருகிறோம்’ என்று வழக்கறிஞர், ஹேக்கர், சைபர் போலீஸ் என்ற வேடங்களில் ஆட்கள் வருவார்கள், முன்பணம் கேட்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களுக்குள் விலைக்குப் போகிறது, அதனால்தான் சரியான நேரத்தில் சரியான ஆளைத் தேடி வருகிறார்கள். பிளாக்செயினில் நடந்ததை எந்த ஹேக்கராலும் திருப்ப முடியாது. உண்மையில் நடக்கக்கூடியது ஒன்று உண்டு: திருட்டுப் பணம் ஓர் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தாலோ, யுஎஸ்டிடியாக நின்றாலோ, அந்த எக்ஸ்சேஞ்சும் யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனமும் காவல்துறை கேட்டால் அதை முடக்க முடியும். அதற்கு நேரம்தான் முக்கியம்.

ஆகவே வெட்கப்பட்டு ஒரு வாரம் மறைத்துவைக்காதீர்கள். உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். உங்கள் வங்கிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் அன்றே எழுதுங்கள். பரிவர்த்தனை எண், பணம் போன வாலட் முகவரி, பேசிய எண்கள், உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது.